"உங்ககிட்ட இருக்கா?"னு இங்கிலீஷ்ல கேட்டா "இல்ல"னு எப்படி சொல்றது

யாரோ ஒருத்தர் "டூ யூ ஹேவ் எ பைக்?"னு கேக்குறார், உங்ககிட்ட பைக் இல்ல. என்ன சொல்வீங்க? நம்ம ஆளுங்க இதுக்கு சொல்ற பதில எல்லாம் பொறுக்கி எடுத்தா இந்த நாலுல ஒண்ணுதான் வரும்: "நோ, ஐ நாட் ஹேவ்", "நோ, ஐ ஹேவ் நாட் பைக்", "நோ, ஐ ஆம் நாட் ஹேவிங் பைக்", "நோ, ஐ டோன்ட் ஹேவ்". கேட்டவருக்கு நாலும் புரிஞ்சிடும், அதுல சந்தேகம் வேணாம், பேச்சு புரிஞ்சா போதும்ன்ற இடத்துல இதையெல்லாம் யாரும் பெருசா எடுத்துக்கவும் போறதில்ல. ஆனா இன்டர்வியூ, ஐஇஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் பரீட்சை, ஃபாரின் க்ளையன்ட் கால்னு வரும்போது எது சரின்னு தெரிஞ்சு வச்சிருந்தா வாய் தயங்காது. அந்த நாலுல நாலாவது மட்டும் கிட்டத்தட்ட வந்துடுச்சு, ஒரு வார்த்தை அதிகமா போயிடுச்சு, அவ்ளோதான். சரியான பதில் அதைவிட சின்னது: "நோ, ஐ டோன்ட்."

இவ்ளோ சின்ன பதிலுக்கு ஏன் இவ்ளோ தடுமாறுறோம்னா, நம்ம "இல்ல" அவ்ளோ கெட்டிக்காரத்தனமான வார்த்தை. எனக்கு இல்ல, உனக்கு இல்ல, அவளுக்கு இல்ல, ஆள் மாறினாலும் அது மாறாது. இன்னைக்கு கையில காசு இல்ல, போன வருஷமும் காசு இல்ல, காலம் மாறினாலும் மாறாது, நாளைக்குன்னு வரும்போது மட்டும் "இருக்காது"னு மாத்திப்போம். ஆளு யாரு, காலம் எதுங்கறதை எல்லாம் "எனக்கு", "அவளுக்கு", "போன வருஷம்"னு பக்கத்துல இருக்குற வார்த்தைங்க சொல்லிடும். இங்கிலீஷ்ல அந்த வசதி கிடையாது. அங்க "ஹேவ்"னு ஒரு வினைச்சொல் இருக்கு, அதை இல்லனு சொல்லணும்னா அதுக்கு முன்னாடி ஒரு உதவி வினை வந்து நிக்கணும், அந்த உதவி வினைதான் ஆளையும் காலத்தையும் காட்டும், "நாட்"டும் அதுகூடத்தான் ஒட்டும், "ஹேவ்" சும்மா மாறாம பின்னாடி நிக்கும். அந்த உதவி வினைதான் "டூ", அதோட இன்னொரு ரெண்டு உருவம் "டஸ்", "டிட்".

எப்ப எது போடணும்னு தலையைப் பிச்சுக்க வேணாம். கேள்வி கேட்டவரே அதை உங்க கையில குடுத்துட்டுத்தான் கேக்குறார். கேள்வியோட முதல் வார்த்தையை மட்டும் காதுல பிடிச்சுக்கோங்க, அதுகூட "நாட்"டை ஒட்டி திருப்பிக் குடுத்துடுங்க. இந்தக் கட்டுரையில வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

"டூ யூ ஹேவ் எ பைக்?"
"நோ, ஐ டோன்ட்."

"டஸ் யுவர் சிஸ்டர் ஹேவ் எ லேப்டாப்?"
"நோ, ஷி டஸன்ட்."

"டிட் யூ ஹேவ் எ போன் இன் ஸ்கூல்?"
"நோ, ஐ டிடன்ட்."

"வில் யூ ஹேவ் டைம் டுமாரோ?"
"நோ, ஐ வோன்ட்."

"ஹேவ் யூ காட் எ பென்?"
"நோ, ஐ ஹேவன்ட்."

பாத்தீங்கன்னா பதில்ல மொத்தம் மூணே வார்த்தை. முதல்ல "நோ", அப்புறம் ஆளு, அப்புறம் கேள்வியில இருந்து எடுத்த உதவி வினையோட "நாட்". ரெண்டாவது கேள்வியில "யுவர் சிஸ்டர்"னு கேட்டாலும் பதில்ல "மை சிஸ்டர்"னு திரும்ப இழுக்க வேணாம், "ஷி" போதும். கடையிலயோ ஆஃபீஸ்லயோ நின்னுகிட்டு உங்ககிட்ட "டூ யூ ஹேவ் திஸ் இன் ப்ளூ?"னு கஸ்டமர் கேட்டா அவர் கேக்குறது உங்க தனிப்பட்ட சொத்தை இல்ல, கடையோட ஸ்டாக்கை, அதனால "ஐ" வேணாம், "சாரி, வி டோன்ட்."

இன்னொன்னு, இந்த சின்ன பதில்ல "டோன்ட்"தான் கடைசி வார்த்தை, அதைத்தான் அழுத்தி சொல்லணும். "நோ, ஐ டூ நாட்"னு பிரிச்சு சொன்னா இலக்கணம் சரிதான், ஆனா காதுக்கு கோவமா மறுக்குற மாதிரி, போலீஸ்கிட்ட வாக்குமூலம் குடுக்குற மாதிரி கேக்கும். பேச்சுல சேத்தே சொல்லுங்க.

இப்ப முழு வாக்கியத்துக்கு வருவோம். "எங்க அக்காகிட்ட லேப்டாப் இல்ல"னு முழுசா சொல்லணும்னா "ஷி டஸன்ட் ஹேவ் எ லேப்டாப்". இந்த இடத்துல நெறைய பேர் "ஷி டஸன்ட் ஹேஸ்"னு சொல்லிடுவாங்க. ஏன்னா ஸ்கூல்ல ஹி, ஷி, இட் வந்தா ஹேஸ் போடணும்னு மண்டையில ஏத்தி வச்சிருக்காங்க, அது சரியான பாடம்தான், "ஷி ஹேஸ் எ லேப்டாப்"னு இருக்குன்னு சொல்லும்போது ஹேஸ்தான். ஆனா "டஸன்ட்" வந்த உடனே அந்த "ஸ்" டஸ்ஸுக்குள்ள போய் உக்காந்துடுச்சு, ஒரு வாக்கியத்துல அது ஒரு தடவை வந்தா போதும், அதனால பின்னாடி வெறும் ஹேவ். "டிடன்ட் ஹேட்"டும் இதே கதைதான், இறந்தகாலத்தை "டிட்" ஏற்கனவே சொல்லிடுச்சு, திரும்ப ஹேட் எதுக்கு? "ஐ டிடன்ட் ஹேவ் எ போன்." டோன்ட், டஸன்ட், டிடன்ட், வோன்ட், இதுல எது வந்தாலும் பின்னாடி ஹேவ்தான், ஹேஸும் வராது ஹேட்டும் வராது ஹேவிங்கும் வராது.

அடுத்து அந்த "கிட்டத்தட்ட" பதிலுக்கு வருவோம், "நோ, ஐ டோன்ட் ஹேவ்." இந்தியா முழுக்க இப்படித்தான் பேசுறோம், கேக்குறதுக்கு நமக்கு ஒண்ணும் உறுத்தாது, ஏன்னா தமிழ்ல "இல்ல"னு நிறுத்திட்டா வாக்கியம் முடிஞ்சிடும். ஆனா இங்கிலீஷ்ல "ஹேவ்"னு சொல்லிட்டா எதை ஹேவ்னு ஒரு பொருள் பின்னாடி வந்தே ஆகணும், வரலைன்னா பிரிட்டிஷ்காரங்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் நீங்க பாதியில நிறுத்திட்ட மாதிரி இருக்கும், இன்னும் ஏதோ சொல்ல வர்றீங்கன்னு காத்துகிட்டு இருப்பாங்க. அதனால ஒண்ணு "டோன்ட்"டோட நிறுத்துங்க, இல்லன்னா ஹேவுக்குப் பின்னாடி ஒரு குட்டி வார்த்தை போட்டு முடிங்க. அந்த குட்டி வார்த்தை மூணுல ஒண்ணு: ஒன், எனி, இட்.

"டூ யூ ஹேவ் எ சார்ஜர்?"னு ஏதோ ஒரு சார்ஜரைக் கேட்டா "நோ, ஐ டோன்ட் ஹேவ் ஒன்." எண்ண முடியாததையோ பன்மையிலயோ, அதாவது "டூ யூ ஹேவ் எனி சேஞ்ச்?"னு சில்லறை கேட்டாலோ "டூ யூ ஹேவ் எனி பிரதர்ஸ்?"னு கேட்டாலோ "நோ, ஐ டோன்ட் ஹேவ் எனி." இந்த சாவின்னு குறிப்பா ஒண்ணைக் கேட்டா, "டூ யூ ஹேவ் த கீ?"னா, "நோ, ஐ டோன்ட் ஹேவ் இட்." கேள்வியில "எ" இருந்தா ஒன், "எனி" இருந்தா எனி, "த"வோ "மை"யோ இருந்தா இட், பெரும்பாலும் இது சரியா வந்துடும். சாவி ரெண்டு மூணுன்னா இட்டுக்கு பதிலா "தெம்". இங்கயும் பாருங்க, கேள்வியைக் கவனிச்சாலே பதில் கிடைச்சிடுது.

"எ"ன்னதும் ஞாபகம் வருது, இதை நம்ம ஆளுங்க அடிக்கடி முழுங்கிடுவாங்க. "ஐ டோன்ட் ஹேவ் கார்", "ஐ டோன்ட் ஹேவ் பாஸ்போர்ட்". தமிழ்ல "எங்கிட்ட ஒரு கார் இல்ல"னு சொன்னா விநோதமா இருக்கும், ஒண்ணு இல்ல ரெண்டு இருக்குன்ற மாதிரி. அதனால நமக்கு அந்த "எ" போடவே வராது. இங்கிலீஷ்ல எண்ணக்கூடிய ஒத்தைப் பொருளுக்கு முன்னாடி "எ" கட்டாயம், "ஐ டோன்ட் ஹேவ் எ கார்". தண்ணி, பணம், டைம், எக்ஸ்பீரியன்ஸ் மாதிரி எண்ண முடியாததுக்கும் பன்மைக்கும் "எனி", "ஐ டோன்ட் ஹேவ் எனி மணி", "ஐ டோன்ட் ஹேவ் எனி க்வெஸ்டியன்ஸ்". இந்த "எனி"யை விட்டுட்டாலும் பெரிய தப்பு இல்ல, "ஐ டோன்ட் ஹேவ் டைம்" நல்ல இங்கிலீஷ்தான்.

டூ இல்லாமலேயே இல்லனு சொல்ல ஒரு வழி இருக்கு: "ஐ ஹேவ் நோ மணி." இங்க வினைச்சொல்லை மறுக்கல, பொருளுக்கு முன்னாடி "நோ" போட்டு அதை காலி பண்ணிட்டோம். அர்த்தம் ஒண்ணுதான், ஆனா கொஞ்சம் அழுத்தம் கூட, "சுத்தமா காசு இல்ல"ன்ற மாதிரி. சில சொற்கள் இந்த வடிவத்துலயே ஊறிப்போச்சு: "ஐ ஹேவ் நோ ஐடியா", "வி ஹேட் நோ சாய்ஸ்", "ஐ ஹேவ் நோ டவுட்". ரெண்டையும் ஒண்ணா போட்டு "ஐ டோன்ட் ஹேவ் நோ மணி"னு மட்டும் சொல்லாதீங்க. இங்கிலீஷ் பாட்டுலயும் படத்துலயும் இது நெறைய வரும், சில வட்டார இங்கிலீஷ்ல அது இயல்பு, ஆனா பரீட்சையிலயும் ஆஃபீஸ்லயும் தப்புன்னுதான் எடுத்துப்பாங்க. "எத்தனை"னு கேட்டா இன்னும் சுலபம், "ஹௌ மெனி கிட்ஸ் டூ யூ ஹேவ்?"னா "நன்"னு ஒத்த வார்த்தையில முடிச்சிடலாம். அது மொட்டையா இருக்குன்னு தோணினா "ஐ டோன்ட் ஹேவ் எனி."

இப்ப "ஹேவ் யூ காட்" பத்தி. பிரிட்டன்ல பேச்சுவழக்குல இது ரொம்ப சகஜம், அமெரிக்காவுல "டூ யூ ஹேவ்"தான் அதிகம், இப்ப பிரிட்டன்லயும் "டூ யூ ஹேவ்" நல்லாவே புழங்குது. "காட்"ன்றது கெட்டோட இறந்தகால உருவம், ஆனா இங்க "வாங்கிட்டியா"ன்ற அர்த்தமெல்லாம் இல்ல, "ஹேவ் காட்" மொத்தமும் சேந்து "இருக்கு"தான். இதுல ஹேவே உதவி வினையா வேலை செய்யுது, அதனால டூ தேவையில்ல: "நோ, ஐ ஹேவன்ட்", "நோ, ஷி ஹேஸன்ட்", முழுசா "ஐ ஹேவன்ட் காட் எ பென்". கலந்து அடிச்சு "ஐ டோன்ட் ஹேவ் காட்"னு சொல்லிடாதீங்க, அது எந்த ஊர்லயும் இல்ல. இறந்தகாலத்துல இந்த காட் பாணி பெரும்பாலும் வராது, "டிடன்ட் ஹேவ்"தான் பேசுவாங்க. புதுசா கத்துக்குறவங்களுக்கு என் யோசனை, நீங்க பேசும்போது "டோன்ட் ஹேவ்" ஒண்ணையே வச்சுக்கோங்க, உலகம் முழுக்க செல்லும். காட் வச்சு யாராவது கேட்டா புரிஞ்சுகிட்டு "ஹேவன்ட்"னு பதில் சொல்லத் தெரிஞ்சா போதும்.

சரி, அப்ப "ஐ ஹேவ் நாட் எ பைக்"னு சொன்னா முழுத் தப்பான்னா, முன்ன ஒரு காலத்துல அது முழுக்க சரி. 400 வருஷம் முன்னாடி மத்த வினைச்சொல்லுக்கும் டூ இல்லாம நேரா "நாட்" போட்டுப் பேசுறது சகஜமா இருந்துச்சு, "ஐ நோ நாட்"னா "எனக்குத் தெரியாது". அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா டூ எல்லாத்துக்குள்ளயும் நுழைஞ்சுது. ஹேவ் மட்டும் ஏற்கனவே உதவி வினையா வேற வேலை பாத்துகிட்டு இருந்ததால ரொம்ப நாள் டூவுக்கு வழி விடாம நின்னுச்சு. எல்கேஜி-ல கருப்பு ஆட்டுகிட்ட கம்பளி இருக்கான்னு கேக்குற ரைம் ஒண்ணு எல்லாரும் பாடியிருப்போமே, அதுல "டூ யூ ஹேவ்"னு வராது, "ஹேவ் யூ எனி"னுதான் வரும், அந்த பழைய கேள்வி வடிவம்தான் அது. அதுக்கு பழைய பதில் "நோ, ஐ ஹேவன்ட் எனி". இன்னைக்கு "ஐ ஹேவன்ட் எ க்ளூ" மாதிரி ரெண்டு மூணு தொடர்ல மட்டும் அது மிச்சம் இருக்கு, புதுசா ஒரு வாக்கியம் கட்டும்போது அந்தப் பக்கம் போக வேணாம்.

"ஐ ஆம் நாட் ஹேவிங்" வேற ரகம். இது நம்ம நாட்டு இங்கிலீஷோட முத்திரைன்னே சொல்லலாம். "ஐ ஆம் நாட் ஹேவிங் கேஷ்", "வி ஆர் நாட் ஹேவிங் கரன்ட்". இங்கிலீஷ்ல "ஐஎன்ஜி" சேக்குறது நடந்துகிட்டு இருக்குற ஒரு செயலுக்கு. கையில காசு இருக்குறது செயல் இல்ல, அது ஒரு நிலை, அதுக்கு ஐஎன்ஜி வராது. ஆனா ஹேவுக்கு சாப்பிடுறதுன்னும் ஒரு அர்த்தம் உண்டு, அங்க வரும்: "ஐ ஆம் நாட் ஹேவிங் லஞ்ச் டுடே"னா "இன்னைக்கு மதியம் சாப்பிடல"னு அர்த்தம், தப்பே இல்ல. அதனால "ஹேவிங்" வாயில வரும்போது ஒரு நொடி யோசிங்க, அங்க சாப்பிடுறது, பார்ட்டி, மீட்டிங்னு ஏதாவது நடக்குதா, இல்ல சும்மா ஒரு பொருள் உங்ககிட்ட இருக்கா இல்லையான்னு. அதே மாதிரி "ஐ டோன்ட் ஹேவ் டு"ன்னு பின்னாடி ஒரு "டு" வந்துட்டா அது உடைமையே இல்ல, "தேவையில்ல"ன்ற அர்த்தம். "ஐ டோன்ட் ஹேவ் டு பே"னா "நான் பணம் கட்ட வேண்டியதில்ல".

எஞ்சினியரிங் காலேஜ் கேம்பஸ் இன்டர்வியூல இதெல்லாம் ஒரே கேள்வியில வந்து விழும். எச்ஆர் கேப்பாங்க: "டூ யூ ஹேவ் எனி ஸ்டாண்டிங் அரியர்ஸ்?" பையனுக்கு மூணாவது செமஸ்டர்ல மேத்ஸ் போச்சு, அடுத்த செம்லயே க்ளியர் பண்ணிட்டான், இப்ப ஒண்ணும் பாக்கி இல்ல. அவன் வாயில வர்றது "சார், ஐ டோன்ட் ஹேவ் அரியர் சார், தட் டைம் ஐ ஹேவ், நவ் ஐ டோன்ட் ஹேவ்". எச்ஆருக்கு இருக்கா இல்லையான்னே சந்தேகம் வந்துடும். அவன் சொல்ல வேண்டியது: "நோ சார், ஐ டோன்ட். ஐ ஹேட் ஒன் இன் மேத்ஸ், பட் ஐ க்ளியர்ட் இட் இன் த நெக்ஸ்ட் செமஸ்டர்." முதல் வாக்கியத்துல இப்போதைய நிலைமை, கேள்வியில இருந்த டூவையே எடுத்து "டோன்ட்". ரெண்டாவதுல பழைய கதை, அது இருந்த விஷயம், அதனால ஹேட். தமிழ்ல "அப்ப இருந்துச்சு இப்ப இல்ல"னு ஒரே மூச்சுல சொல்றதை ரெண்டா வெட்டி, முதல்ல கேட்டதுக்கு பதில், அப்புறம் கதை. கம்பெனி "ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்" கேட்டா அது வேற கேள்வி, "டிட் யூ எவர் ஹேவ் எனி அரியர்ஸ்?"னு கேட்டா அந்தப் பையன் "நோ, ஐ டிடன்ட்"னு சொல்ல முடியாது, "யெஸ், ஐ டிட்"தான். டூவும் டிட்டும் மாறினா உண்மையே மாறிடுது பாருங்க, முதல் வார்த்தையைப் பிடிங்கன்னு சொன்னது இதுக்குத்தான்.

எவ்ளோ நீளமா பதில் சொல்லணும்ன்றது இடத்தைப் பொறுத்தது. ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங் மொத்தமே 11-லேருந்து 14 நிமிஷம், அதுல முதல் பகுதி 4-5 நிமிஷம் உங்களைப் பத்தின சாதாரண கேள்விங்கதான். அங்க "டூ யூ ஹேவ் மச் ஃப்ரீ டைம்?"னு கேட்டு நீங்க "நோ, ஐ டோன்ட்"னு சொல்லிட்டு எக்ஸாமினர் மூஞ்சியைப் பாத்துகிட்டு உக்காந்திருந்தா மார்க் எங்கேருந்து வரும். "நாட் ரியலி, ஐ டோன்ட் ஹேவ் மச் ஃப்ரீ டைம் ஆன் வீக்டேஸ் பிகாஸ்"னு ஆரம்பிச்சு ஒரு காரணம் சொல்லுங்க. "நாட் ரியலி" ரொம்ப நல்ல தொடர், நம்ம "அப்படி ஒண்ணும் இல்ல"க்கு நேரா வரும். ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல நேர் எதிர், "டூ யூ ஹேவ் எனிதிங் டு டிக்ளேர்?"னு கேட்டு உங்ககிட்ட ஒண்ணும் இல்லன்னா "நோ, ஐ டோன்ட்"னு சொல்லிட்டு நகருங்க, அங்க போய் பெட்டிக்குள்ள என்னென்ன இருக்குன்னு கதை சொல்லாதீங்க. அமெரிக்க விசா கவுன்டர்ல "டூ யூ ஹேவ் எனி ரிலேடிவ்ஸ் இன் த யுஎஸ்?"னு கேட்டாலும் அப்படித்தான், யாரும் இல்லன்னா "நோ, ஐ டோன்ட்" போதும், ஆனா ஃபார்ம்ல எழுதினதும் வாயில சொல்றதும் ஒண்ணா இருக்கணும்.

இதுவரைக்கும் பாத்தது எல்லாம் நேர் கேள்வி. உண்மையில நம்மளை கவுக்குறது எதிர்மறை கேள்வி. "டோன்ட் யூ ஹேவ் எ டிக்கெட்?" டிக்கெட் இல்லையா? தமிழ்ல டிக்கெட் இல்லன்னா "ஆமாங்க, இல்ல"னு சொல்வோம். "இல்லையா"னு நீங்க நெனச்சது சரிதான்னு கேட்டவரோட நெனப்புக்கு தலையாட்டுறோம், அதுக்குத்தான் அந்த "ஆமா". இதை அப்படியே தூக்கிட்டு போய் "யெஸ், ஐ டோன்ட்"னு சொன்னா வெள்ளைக்காரர் முழிப்பார். வெறும் "யெஸ்"னு மட்டும் சொல்லிட்டா இன்னும் மோசம், டிக்கெட் இருக்குன்னே எடுத்துப்பார்.

இங்கிலீஷ்ல கேள்வி எப்படி கேட்டாங்கன்றது கணக்கே இல்ல, உண்மை என்னன்றது மட்டும்தான். டிக்கெட் இருந்தா "யெஸ், ஐ டூ". இல்லன்னா "நோ, ஐ டோன்ட்". "டூ யூ ஹேவ்"னு கேட்டாலும் அதே பதில், "டோன்ட் யூ ஹேவ்"னு கேட்டாலும் அதே பதில், "யூ டோன்ட் ஹேவ் எ டிக்கெட், டூ யூ?"னு வாலை ஒட்டி கேட்டாலும் அதே பதில். யெஸ் வந்தா பின்னாடி "நாட்" வரவே கூடாது, நோ வந்தா "நாட்" வந்தே ஆகணும். டிக்கெட் இருக்குற ஆளுக்கும் இதுல சிக்கல் உண்டு, "டிக்கெட் இல்லையா?"னு கேட்டா நாம "இல்லைங்க, இருக்கு"னு மறுப்போம், அந்த "இல்லைங்க"வை "நோ"வா மாத்திடக்கூடாது, "யெஸ், ஐ டூ"னுதான் சொல்லணும். நம்ம "ஆமா" அங்க "நோ"வாகுது, நம்ம "இல்ல" அங்க "யெஸ்"ஸாகுது. இதுல நாம தனியா இல்ல, ஜப்பான்காரங்களும் கொரியாகாரங்களும் நம்ம மாதிரியேதான் பதில் சொல்வாங்க, இங்கிலீஷ் கத்துக்கும்போது அவங்களும் இதே இடத்துலதான் தடுமாறுறாங்க. பிரெஞ்சுலயும் ஜெர்மன்லயும் "இல்லையா"னு கேட்டதுக்கு "இருக்கே"னு மறுக்குறதுக்குன்னே தனியா ஒரு வார்த்தை வச்சிருக்காங்க. பழகுற வரைக்கும் ஒரு வழி, எதிர்மறை கேள்வி வந்தா யெஸ்ஸையும் நோவையும் விட்டுட்டு நேரா "ஐ டோன்ட் ஹேவ் ஒன்"னு ஆரம்பிச்சிடுங்க, தப்பா புரிஞ்சுக்க இடமே இருக்காது.

பக்கத்துல இருக்குறவர் "ஐ டோன்ட் ஹேவ் எ பென்"னு சொல்றார், உங்ககிட்டயும் இல்ல. நம்ம வாயில உடனே "மீ டூ" வரும், ஆனா அந்த "மீ டூ" (இந்த டூ வேற, "கூட"ன்ற அர்த்தம்) இருக்குன்னு சொல்ற வாக்கியத்துக்கு. இல்லன்னு சொல்ற இடத்துல "மீ நைதர்", இல்லன்னா "ஐ டோன்ட் ஹேவ் ஒன் ஐதர்". கொஞ்சம் டிப்டாப்பா சொல்லணும்னா "நைதர் டூ ஐ".

உடைமைக்கு இன்னொரு பக்கம் இருக்கு. "உன்கிட்ட இருக்கா?" ஒண்ணு, "இது உன்னோடதா?" இன்னொண்ணு. ஹோட்டல்ல டேபிள் பக்கத்துல ஒரு குடை கிடக்கு, சர்வர் "இஸ் திஸ் யுவர் அம்ப்ரெல்லா?"னு கேக்குறார். இங்க ஹேவும் இல்ல டூவும் இல்ல, முதல் வார்த்தை இஸ், அதனால "நோ, இட் இஸன்ட்". "நோ, இட்ஸ் நாட் மைன்"னும் சொல்லலாம். "மை"க்குப் பின்னாடி பொருள் வரணும், "மைன்" தனியா நிக்கும், "இட்ஸ் நாட் மை"னும் முடியாது, "இட்ஸ் நாட் மைன் அம்ப்ரெல்லா"னும் வராது. யுவர்ஸ், ஹெர்ஸ், அவர்ஸ், தேர்ஸ் எல்லாம் அதே மாதிரி தனியா நிக்குற வகை. அதே ஆள் "டஸ் திஸ் பிலாங் டு யூ?"னு கேட்டா முதல் வார்த்தை டஸ், "நோ, இட் டஸன்ட்". ஒரே குடைதான், கேள்வி மாறினதால பதில் மாறுது.

கடைசியா ஒரு மரியாதை விஷயம். இலக்கணப்படி சரியா இருந்தாலும் "நோ, ஐ டோன்ட்"னு வெட்டுனாப்ல சொல்றது சில இடத்துல முறைப்பா இருக்கும், முக்கியமா ஒருத்தர் உதவி கேக்கும்போது. "டூ யூ ஹேவ் எ பென் ஐ குட் பாரோ?"னு கேட்டா "சாரி, ஐ டோன்ட் ஹேவ் ஒன் ஆன் மீ". இந்த "ஆன் மீ" நம்ம "கையில இல்ல"க்கு சரியா பொருந்தும், வீட்டுல பத்து பேனா இருக்கலாம், இப்ப கையில இல்ல, அவ்ளோதான். காசுக்கும் அப்படியே, "ஐ டோன்ட் ஹேவ் எனி கேஷ் ஆன் மீ". "வித் மீ"னு சொன்னாலும் புரியும், ஆனா "நோ கேஷ் வித் மீ"னு வினைச்சொல்லே இல்லாம ஆரம்பிக்காதீங்க. கடையில வேலை பாக்குறவங்க "ஐ ஆம் அஃப்ரெய்ட் வி டோன்ட்"னு சொல்லிப் பழகலாம், பயப்படுறேன்னு அர்த்தம் இல்ல, "மன்னிச்சுக்கோங்க, இல்லைங்க"ன்ற தொனி. இருந்து தீந்து போயிருந்தா "வி டோன்ட் ஹேவ் எனி லெஃப்ட்", இன்னும் வந்து சேரலன்னா "வி டோன்ட் ஹேவ் இட் யெட்", முன்ன வித்தோம் இப்ப விக்கிறதில்லன்னா "வி டோன்ட் ஹேவ் இட் எனிமோர்". கஸ்டமருக்கு இந்த மூணும் மூணு வேற வேற தகவல், அடுத்த வாரம் திரும்ப வரணுமா, இல்ல வேற கடைக்குப் போகணுமான்னு அந்த கடைசி வார்த்தையை வச்சுத்தான் முடிவு பண்ணுவார்.